கட்டிப் போட்ட குதிரை

லூர்து டீச்சரின் மூக்குக் கண்ணாடியை வாங்கி வேதவல்லி அக்கா மாட்டிக்கொண்டார்.

அவருக்குக் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. முறத்தில் கொட்டிய பொடி இறாலில் ஒட்டிக்கிடக்கும் மணலைக்கூட வெறுங்கண்ணால் பார்த்துப் பொறுக்கிவிடுவார். ஆனாலும் அன்றைக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மடியில் விரித்திருந்த பைண்டு புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். பிறகு கிட்டே கொண்டுவந்தார். டீச்சரின் கொழுந்தன் பிரான்சிலிருந்து அனுப்பிய தடித்த கண்ணாடி அது. அக்காவின் சின்ன முகத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மூன்று மணி இருக்கும். டீச்சர் வீட்டுக் கூடத்தில் ஆறு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஒரு தட்டு அச்சு முறுக்கு. புதுப் புத்தகத்தின் பசை வாசனையும் முறுக்கின் தேங்காய்ப்பால் வாசனையும் கலந்து வந்தன.

"படிங்க வேதா, நாங்களும் கேக்குறோம்" என்றார் டீச்சர். கேலி எதுவும் இல்லை. நிஜமாகவே கேட்கும் ஆசையில்தான் சொன்னார்.

அக்கா புத்தகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது, அவருடைய கணவரை விட்டால், அந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் தேடிய இடம் அந்தப் புத்தகத்தில் இல்லை என்பதோ எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

இந்த நினைவுத் தொடரை எழுத ஆரம்பித்தபோதே இந்த அத்தியாயம் ஒருநாள் வந்தாக வேண்டும் என்று தெரியும். நாலு தடவை தள்ளிப் போட்டேன். போன வாரம்கூட இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். கடைசியில் டைப்ரைட்டிங் வகுப்புக் கூத்துகளை எழுதி அனுப்பிவிட்டுத் தப்பித்தேன். நன்றாகச் சிரித்ததாகப் பலர் கடிதம் போட்டிருக்கிறீர்கள். இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லை.

நாலு பத்திரிகை, ஐந்து வீடு

எழுபதுகளின் கடைசி. காரைக்காலில் மாதா கோயில் மணி கேட்கிற தூரத்தில் எங்கள் தெரு. நாலு வீடு ஆளுக்கொரு வாரப் பத்திரிகை வாங்கும். ஐந்தாவது வீடு பைண்டிங் பொறுப்பை ஏற்கும். ஒவ்வொரு பத்திரிகையும் வீட்டுக்கு ஒருநாள் என்று சுற்றி வரும். படித்து முடித்தவர் அட்டையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும்.

ஐந்து கோடு விழுந்ததும் இதழ் லூர்து டீச்சரிடம் போகும். அவர் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு எடுப்பவர். தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கம்பியிலிருந்து நோகாமல் உருவி, வரிசையாக அடுக்கி வைப்பார். தொடர் முடிந்ததும் அந்த அடுக்கு கடைத்தெரு பைண்டரிடம் போய், சிவப்புக் காலிகோத் துணி ஒட்டிய முதுகோடு புத்தகமாகத் திரும்பி வரும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. பத்திரிகைக்காரர்கள் கதையை ஒரே இடத்தில் முடிக்க மாட்டார்கள். 'தொடர்ச்சி 65ஆம் பக்கம்' என்று போட்டு, ஏதாவது தைல விளம்பரத்துக்குப் பக்கத்தில் வால் துண்டைச் சொருகியிருப்பார்கள். அந்த வாலை எடுக்க மறந்தால் புத்தகத்தில் கதை பாதியில் தொங்கும். டீச்சர் அதில் மகா கெட்டிக்காரர். அவர் கட்டிய புத்தகத்தில் வால் விட்டுப்போய் நான் பார்த்ததில்லை.

புத்தகம் வந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து வீட்டுப் பெண்களும் கூடுவோம். ஆளுக்கு ஒரு வார்த்தை, கதையில் தனக்குப் பிடித்த இடம் எது என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம் சீட்டுக் குலுக்கல். சீட்டு விழுந்த வீட்டுக்குப் புத்தகம்.

எனக்கு அப்போது இருபது வயது. சரித்திரத்தில் பி.ஏ. முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். தெருவில் டீச்சருக்கு அடுத்து நிறையப் படித்தவள் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரை நான் நகை மாதிரி போட்டுக்கொண்டு திரிந்தேன்.

என் மேதாவித்தனம்

மாயாஜாலம் குழந்தைகளுக்கு, விஞ்ஞானம் எனக்கு. இதுதான் அன்றைய என் சட்டம். கேட்டவர்களிடமும் சொல்வேன், கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

மாயக் கதைகளின் மேல் எனக்குப் பெரிய புகார் இருந்தது. மந்திரவாதியால் எதுவும் முடியும் என்றால் அப்புறம் நமக்கு என்ன பதைப்பு? நாலாவது வாரத்தில் மலையைத் தூக்கி எறிந்தவன் முப்பதாவது வாரத்தில் ஒரு பூட்டைத் திறக்க முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்பான். ஏன் என்று கேட்கக் கூடாது. கடல் என்றால் எப்போதும் ஏழு. இளவரசி என்றால் எப்போதும் மயக்கம்.

விஞ்ஞானத் தொடர் என்றால் உருகிவிடுவேன். ஒளியின் வேகத்தைப் பற்றி இரண்டு பத்தி இருந்தால் போதும், கதை எங்கே போனாலும் கவலையில்லை. அந்தக் கணக்குச் சரிதானா என்று பார்க்கிற அளவுக்கு எனக்குக் கணக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

இப்போது அவற்றை எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. வேற்றுக் கிரகத்தில் ராக்கெட் இறங்கியதும் கதாநாயகி செய்கிற முதல் வேலை எல்லோருக்கும் காபி கலப்பது. வில்லன் கையில் கதிர்வீச்சுத் துப்பாக்கி இருக்கும், ஆனால் அவளைக் கட்டிப்போட மட்டும் தேங்காய்நார்க் கயிறு எடுத்துக்கொண்டு வருவான். மயங்குகிற இளவரசியைப் பரிகாசம் செய்த நான், காபி கலந்த விஞ்ஞானியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நீண்ட தொடர்களைப் பற்றிய என் அபிப்பிராயம் மட்டும் இன்றுவரை மாறவில்லை. முதல் பாகத்தை எழுத்தாளர் எழுதுகிறார். இரண்டாம் பாகத்தை வாசகர் கடிதங்கள் எழுதுகின்றன. மூன்றாம் பாகத்தை விளம்பரதாரர்கள் எழுதுகிறார்கள். செத்தவன் உயிரோடு வருவதும், இரட்டைப் பிறவித் தம்பி முளைப்பதும் மூன்றாம் பாகத்தில்தான். என் பேத்தி இன்று தலையணை பருமனில் ஏழு பாகம் வாங்கி அடுக்கியிருக்கிறாள். எல்லாவற்றையும் நானும் படித்தேன். அங்கேயும் இதே கதைதான்.

இவ்வளவு கறாராகப் பேசுகிற எனக்கு அந்த வயதில் ஒரு முழுத் தொடரும் ஒரு ரசிகையும் கையில் கிடைத்தார்கள்.

கொல்லைப்புற வாசிப்பு

வேதவல்லி அக்கா எங்களுக்கு அடுத்த வீடு. குரும்பகரத்தில் நெல் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, அரசாங்க ஆபீஸ் கிளார்க் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு டவுனுக்கு வந்தவர். முப்பது வயது இருக்கும். கையில் இரண்டு வயதுப் பெண் குழந்தை.

ஒருநாள் அவர் அண்ணன் ஊரிலிருந்து எழுதிய கடிதத்தோடு வந்தார். "கண்ணு எரியுதுடி ஜெசி, கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்றார். அடுத்த மாதமும் கண் எரிந்தது. மூன்றாவது தடவை நான் கடிதத்தை வாங்காமல் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"யாருகிட்டயும் சொல்லிடாத. எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கான்னு அவுங்க ஆபீஸ்லயும் தெருவுலயும் சொல்லி வெச்சிருக்காங்க. இப்ப தெரிஞ்சா அவுங்க மானம் போயிடும். என்னையும் இந்தப் பொம்பளைங்க பக்கத்துல சேத்துக்க மாட்டாங்க."

மாதா மேல் சத்தியம் செய்து கொடுத்தேன்.

அன்றையிலிருந்து அவருடைய முறை வரும் நாளில் பத்திரிகையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக் கொல்லைக்குப் போவேன். காய்ந்த பொடி இறாலைச் சென்னாகுனி என்போம். அதை முறத்தில் கொட்டி மண்ணும் தூசியும் பார்த்துக்கொண்டே அவர் கேட்பார். நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து படிப்பேன். முடித்ததும் பென்சிலை அவரிடம் கொடுப்பேன். அட்டையில் அவருடைய கோட்டை அவரே போடுவார். மற்றவர்களின் கோட்டைவிட நேராக இருக்கும்.

கற்றுத் தரட்டுமா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்று அது தோன்றவே இல்லை என்றுதான் வெகு காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய். தோன்றியது. அவருக்கே படிக்கத் தெரிந்துவிட்டால் என்னை எதற்குத் தேடுவார் என்றும் கூடவே தோன்றியது.

குதிரைக்குத் தண்ணி

அப்போது ஒரு மாயாஜாலத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. பெயர் வேண்டாம், எழுதியவரின் குடும்பம் இருக்கிறது. ஓர் இளவரசன் மந்திரக் கல்லைத் தேடி மலைக்குப் போகிறான். குகை வாசலில் ஒரு நாவல் மரத்தில் குதிரையைக் கட்டிவிட்டு உள்ளே நுழைகிறான். அதோடு சரி. எழுத்தாளர் அந்தக் குதிரையை மறந்தே போனார்.

நான் இதைக் கண்டுபிடித்துவிட்டதில் பெருமையாக இருந்தேன். எழுத்தாளனின் அலட்சியத்துக்கு நல்ல உதாரணம் என்று மனதில் குறித்துக்கொண்டேன். அக்காவுக்குத் தோன்றியதோ வேறு.

"குதிரையைக் கட்டி எத்தன வாரம் ஆச்சு?"

"ஆறு வாரம் அக்கா."

"தண்ணி யாரு வெச்சா?"

"அக்கா, அது கதைக் குதிரை."

"கதைன்னா தாகம் எடுக்காதா? ஊர்ல ஒரு தடவை எங்கப்பா கன்னுக்குட்டியக் கட்டிட்டு மறந்து விழிதியூர் போயிட்டாரு. ஒரே ஒரு நாள்தான். நாக்கு வெளிய தள்ளி, கயிறு கழுத்துல இறுகி... அத நான் பாத்தேன். அந்த ராசா மவனுக்கு அறிவு வேணாம்?"

அடுத்த வாரமும் கேட்டார். அதற்கடுத்த வாரமும் கேட்டார். இளவரசன் நெருப்பு ஆற்றைத் தாண்டும்போதுகூட அக்காவின் மனது குகை வாசலிலேயே நின்றது.

கற்பனைக் கதைகளைப் பற்றி எத்தனையோ விமர்சனம் படித்துவிட்டேன். இந்த ஒரு கேள்விக்கு மேல் ஒருவரும் கேட்டதில்லை. இன்று எந்த மாய உலகத்தைப் படித்தாலும், எந்த விண்வெளிக் கப்பலில் ஏறினாலும், அங்கே கட்டிக்கிடக்கிற பிராணிக்கு யார் தண்ணீர் வைக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறேன். அன்று எனக்கு இது புரியவில்லை. பாவம், படிக்காதவர் என்று நினைத்தேன்.

பாவம் பார்த்துத்தான் அதைச் செய்தேன். ஒன்பதாவது வாரம் படித்துக்கொண்டே வந்தவள், பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல், அச்சில் இல்லாத ஒன்றைச் சொன்னேன்.

"அந்த நேரத்தில் மலையடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் குதிரையின் கனைப்பைக் கேட்டாள். ஓடி வந்து கயிற்றை அவிழ்த்துவிட்டாள். சுனைக்கு அழைத்துப் போய்த் தண்ணீர் காட்டினாள்."

அக்காவின் கை முறத்தில் அப்படியே நின்றது. "அப்பாடி" என்றார். கண் கலங்கியிருந்தது. "நல்ல மனுஷன்டி எழுதுறவரு. நான் மறந்துட்டாருன்னு திட்டிட்டு இருந்தேன்."

நான் படித்த கதை

அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

என் வாயிலிருந்து வந்த நாலு வரிக்கு ஒருவர் கண் கலங்கியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த ருசி விடவில்லை. அடுத்த வாரம் ஆடு மேய்க்கிற பெண் குதிரை மேல் ஏறினாள். அதற்கடுத்த வாரம் குகையின் பின்வாசலைக் கண்டுபிடித்தாள். மந்திரக் கல்லை நான் கல்லாகவே விடவில்லை. வேறொரு கிரகத்திலிருந்து விழுந்த இயந்திரமாக மாற்றினேன், ஒளியின் வேகத்தையும் அங்கே கொண்டுவந்து சேர்த்தேன். எழுத்தாளரைத் திருத்துகிறோம் என்ற திமிர் எனக்கு.

ஒவ்வொரு வாரமும் கடைசியில் கதையைக் கொண்டுபோய் அசல் இடத்தில் விட்டுவிடுவேன், இரவல் வாங்கிய பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுப்பது மாதிரி. அதனால் யாரும் கண்டுபிடிக்க வழியில்லை. மற்ற வீட்டுப் பெண்கள் சுவரோரமாகப் பேசியதெல்லாம் குடும்பக் கதைகளைப் பற்றித்தான். மாயக் கதையைப் படிப்பார்கள், குழந்தைகளுக்கானது என்று அதைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

"இந்த வாரம் ரொம்ப நல்லா எழுதியிருக்காரு" என்று அக்கா சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். என் பாராட்டு யாரோ ஒருவருக்குப் போகிறதே என்று. நான் செய்கிற திருட்டில் பங்கு குறைந்துவிட்டதாக எனக்கு வருத்தம்.

தொடர் முடிந்தது. பைண்டருக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை கூடும்போது ஆளுக்கொரு இடம் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். முன்கூட்டியே அக்காவிடம் உண்மையைச் சொல்ல முழுசாக ஒரு வாரம் இருந்தது. வேறு ஏதாவது சொல்லுவார், ஒன்றும் ஆகாது என்று இருந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

எதிர்வீட்டு ஹமீதா அக்கா நெருப்பு ஆறு பிடித்தது என்றார். அம்மா கல்யாணம் பிடித்தது என்றார். அடுத்தது வேதவல்லி அக்காவின் முறை. வழக்கமாக "எல்லாமே நல்லாருந்துச்சு" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறவர், அன்று முகமெல்லாம் பூரிப்போடு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த ஆடு மேய்க்கிற பொண்ணு குதிரையை அவுத்து வுட்டாளே, அந்த எடம்."

"எந்தப் பொண்ணு?" என்றார் டீச்சர்.

"அதாங்க, நாவ மரத்துல கட்டியிருந்த குதிரை. அந்தப் பொண்ணு வந்து தண்ணி காட்டுனாளே."

"அப்படி யாரும் வரலியே வேதா. எனக்குத் தெரிஞ்சு அந்தக் குதிரையை அவரு மறந்தே போயிட்டாரு."

"வந்தாங்க! நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்?"

ஹமீதா அக்கா சிரித்தார். "கனவு கினவு கண்டியளா?"

அந்தச் சிரிப்பில் வேதவல்லி அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. டீச்சர் கையிலிருந்த புத்தகத்தை அவரே வாங்கினார். படம் படமாகப் புரட்டி, மரத்தில் குதிரை கட்டியிருக்கும் படத்தைக் கண்டுபிடித்தார். அதன் மேல் விரலை வைத்தார். "இதுக்கு அப்புறம்தான் வரும். இருக்கு."

"சரி, எடுத்துப் படிங்க. கண்ணு சரியாத் தெரியலியா? இந்தாங்க, என் கண்ணாடியப் போட்டுக்குங்க."

அப்படித்தான் அந்தக் கண்ணாடி அவர் முகத்துக்கு வந்தது.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஜெசி, நீயும்தான படிச்ச. நீ சொல்லேன்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் முறுக்குத் தட்டைப் பார்த்தேன். அதில் ஒரு முறுக்கு உடைந்து கிடந்தது. அந்த உடைந்த முறுக்கு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"அப்படி ஒண்ணும் வந்த மாதிரி தெரியலியே அக்கா" என்றேன்.

அவருடைய ரகசியத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று பிறகு என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அது நிற்காது. "நான்தான் விளையாட்டாகச் சொன்னேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சிரித்திருப்பார்கள், டீச்சர் என்னைக் கடிந்திருப்பார், அவ்வளவுதான். படித்த பெண் என்ற என் பெயரில் ஒரு சின்னக் கீறல் விழுந்திருக்கும். அந்தக் கீறல் விழாமல் இருக்க அவரைக் கொடுத்தேன்.

அக்கா கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, டீச்சரிடம் நீட்டினார்.

"எனக்குப் படிக்க வராதுங்க. காதால கேட்டதுதான். நாந்தான் ஏதோ கொழப்பிக்கிட்டேன் போலருக்கு."

யார் படித்துச் சொன்னது என்று டீச்சர் கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பவில்லை. "புள்ள முழிச்சிருக்கும்" என்று சொல்லி எழுந்து போனார்.

அன்று சீட்டுக் குலுக்கவில்லை.

சொல்லாத பாவம்

யாரும் அவரைக் கேவலமாகப் பேசிவிடவில்லை. இரக்கப்பட்டார்கள், அதுதான் இன்னும் மோசம். "அவங்களுக்கு எதுக்கு வீணா அலைச்சல்" என்று பத்திரிகை அவர் வீட்டுக்குப் போகாமல் அடுத்த வீட்டுக்குப் போனது. அட்டையில் நாலு கோடுதான் விழுந்தது. அவர் கணவர் தெருவில் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவார். ஆபீஸில் யாரோ "எட்டாவது எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்களாம்.

நான் கோயில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "பொய் சொன்னேன் சாமி, ஒரு தடவை" என்றேன். யாரிடம், எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று ஜெபம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

அக்கா வீட்டுக் கொல்லைக்குப் போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை. ஒரு வருஷம் ஆவதற்குள் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு குரும்பகரத்துக்கே போய்விட்டார்கள். அங்கிருந்தே ஆபீசுக்கு வந்து போகிறேன், நிலத்தையும் பார்க்க ஆள் வேண்டும் என்று அவர் கணவர் அப்பாவிடம் சொன்னார்.

வண்டியில் சாமான் ஏற்றும்போது லூர்து டீச்சர் அந்தச் சிவப்பு முதுகுப் புத்தகத்தை எடுத்து வந்து அக்காவிடம் கொடுத்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க வேதா, இது உங்களுக்குத்தான் வந்து சேரணும்" என்றார். படிக்கத் தெரியாதவருக்குப் புத்தகமா என்று அம்மா முணுமுணுத்தாள். அக்கா அதை ஒரு பழைய புடவையில் சுற்றி அரிசித் தவலைக்குள் வைத்தார். நான் எங்கள் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

குரும்பகரத்தில் ஒரு கையெழுத்து

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். நான் ஆசிரியையாகியிருந்தேன். வாக்காளர் பட்டியல் சரிபார்க்கிற வேலைக்கு என்னைக் குரும்பகரத்துக்குப் போட்டார்கள். மூன்றாவது தெருவில் பட்டியலைப் பார்த்தபோது அதில் வேதவல்லி அக்காவின் பெயர் இருந்தது. அந்த வீட்டை மட்டும் வேறு யாரையாவது பார்க்கச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

அறுவடை முடிந்து வைக்கோல் வாசனை ஊரெல்லாம் இருந்தது. வாசலில் ஒரு பசுவைக் கட்டியிருந்தார்கள். அதன் முன்னால் தொட்டியில் தண்ணீர் நிறைய இருந்தது.

"ஜெசியா? வா வா, என்ன இப்புடி எளைச்சுப் போயிட்ட!" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். மோர் கொடுத்தார். வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

படிவத்தை நீட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன். அவர் உடனே போடவில்லை. படிவத்தை வாங்கி, விரலை வரிக்கு அடியில் வைத்து, உதடு அசைய மேலிருந்து கீழ்வரை படித்தார். முழுசாகப் படித்தார். அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டார்.

நான் அந்தக் கையெழுத்தையே பார்த்தேன். அவர் சிரித்தார்.

"பொண்ணு ஒண்ணாங்கிளாசு போனப்ப அவ சிலேட்டுல எழுதுறத பக்கத்துல உக்காந்து நானும் எழுதிக்கிட்டேன். அவ ரெண்டாவது போறதுக்குள்ள எனக்கு எழுத்துக் கூட்ட வந்துருச்சு. இரு, ஒண்ணு காட்டறேன்."

உள்ளே போய் அந்தச் சிவப்பு முதுகுப் புத்தகத்தை எடுத்து வந்தார். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் பென்சிலால் ஒரு சின்னக் கோடு. படித்து முடித்த பக்கத்துக்கெல்லாம் கோடு போட்டிருந்தார்.

"இத முடிக்க ரெண்டு வருஷம் ஆச்சு. ஏன் விடாம படிச்சேன் தெரியுமா? அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்கள்ல. நான் பொய் சொல்றவ இல்ல, அந்த எடம் இதுல எங்கயாவது இருந்தே தீரும்னு ஒரு வைராக்கியம்."

"அக்கா..."

"கடைசி வரைக்கும் பாத்துட்டேன். அந்தப் பொண்ணு வரவே இல்ல. அப்பறம்தான் எனக்குத் தோணுச்சு. 'தொடர்ச்சி இத்தனாம் பக்கம்'னு போட்டு வால் துண்டு ஒண்ணு வருமே, டீச்சர் அதுல ஏதோ ஒண்ண எடுக்காம வுட்டுருப்பாங்க. அதுலதான் இருந்திருக்கும். நீ அத எனக்குப் படிச்ச, மத்தவங்க கவனிக்கல. அவ்வளவுதான். ஒங்கிட்ட பழைய பத்திரிகை ஏதாச்சும் கெடக்கா? அந்தத் துண்டு மட்டும் கெடைச்சாப் போதும். இதுல ஒட்டி வெச்சுக்குவேன்."

இத்தனை வருஷமும் அவர் டீச்சரைச் சந்தேகப்பட்டிருக்கிறார், பைண்டரைச் சந்தேகப்பட்டிருக்கிறார், என்னைச் சந்தேகப்படவில்லை. ஒருவேளை எல்லாம் தெரிந்துதான், நானே வாயைத் திறக்கட்டும் என்று வழி விட்டாரோ என்றும் பின்னால் பல நாள் யோசித்திருக்கிறேன். அவர் முகத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. நம்பிக்கைதான் தெரிந்தது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கூடத்தில் நாங்கள் இருவர்தான். சிரிக்க ஆள் இல்லை, நிமிர்த்திப் பிடிக்க வேண்டிய பெயரும் இல்லை.

"தேடிப் பாக்குறேன் அக்கா" என்றேன்.

"அவசரம் இல்ல. கெடைக்கறப்ப குடு" என்று சொல்லி, வாசல்வரை வந்து வழியனுப்பினார். ஒரு பை நிறையப் புது அரிசி கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

தேடிப் பார்த்தேன்

அதற்கப்புறம் நான் குரும்பகரம் போகவில்லை. மாற்றலாகி வேறு ஊர், கல்யாணம், பிள்ளைகள் என்று சொல்லலாம். வெட்கம் என்பதுதான் சரியான காரணம்.

போன மாதம் ஒரு விழாவில் நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் என்னிடம் வந்தார். "நான் வேதவல்லியோட பொண்ணு. அம்மா நல்லா இருக்காங்க. உங்க தொடரை வாரா வாரம் ஒரு எழுத்து விடாம படிக்கிறாங்க. நம்ம தெருவப் பத்தி ஜெசி எப்ப எழுதப் போறான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றார்.

ஆகவே அக்கா, இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். வரிக்கு அடியில் விரல் வைத்து, நீங்களே படிக்கிறீர்கள். நடுவில் உட்கார்ந்து மாற்றிச் சொல்ல யாரும் இல்லை.

பழைய பத்திரிகைகளைத் தேடிப் பார்க்கிறேன் என்று சொன்னேன். தேட எதுவும் இல்லை என்று தெரிந்தேதான் சொன்னேன். லூர்து டீச்சர் எந்தத் துண்டையும் விடவில்லை. உங்கள் புத்தகத்தில் ஒரு பக்கமும் குறையவில்லை. நீங்கள் எதையும் குழப்பிக்கொள்ளவும் இல்லை.

அந்தக் குதிரையை அவிழ்த்துவிட்டது நான்தான்.